சின்ன டெஸ்க்டாப்பில் கேம் ஆட வேண்டுமா? கிராஃபிக்ஸ் கார்டும் ரேமும் வாங்குமுன் படியுங்கள்

ஆபீஸில் கழித்துவிட்ட சின்ன டெஸ்க்டாப் ஒன்று கைக்கு வந்திருக்கும். இல்லையென்றால் மேசையில் இடமில்லை என்று தேடிப்பிடித்துச் சின்னதாக வாங்கியிருப்பீர்கள். இப்போது அதில் கேம் ஆட ஆசை. ‘எந்தக் கார்டு நல்ல கார்டு?’ என்று தேடினால், பெரிய கேபினட் வைத்திருப்பவர்களுக்கான பதில்தான் வந்து குவியும். சின்னப் பெட்டிக்காரர்களுக்குக் கேள்வியே வேறு. உள்ளே எது நுழையும்? எதற்கு மின்சாரம் காணும்? இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்துவிட்டால் மிஞ்சுவது நாலைந்து கார்டுகள்தான், அதற்குமேல் குழப்பமே இல்லை. அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடைத்த தகவல்களை ஒட்டவைத்துப் பார்த்ததில் எனக்குப் பிடிபட்ட வரிசையைக் கீழே தருகிறேன். வரிசையை மட்டும் மாற்றாதீர்கள். கார்டை முதலில் வாங்கிவிட்டுப் பெட்டியைத் திறப்பவர்களுக்குத்தான் பெரும்பாலும் பணம் நஷ்டம்.

1. மாடல் எண்ணையும் மேனுவலையும் எடுத்து வையுங்கள்

பெட்டியின் அடியிலோ பக்கவாட்டிலோ ஸ்டிக்கர் இருக்கும். அதிலுள்ள மாடல் பெயரையும் சீரியல் நம்பரையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்டிக்கர் கிழிந்துபோயிருந்தால் விண்டோஸில் ‘சிஸ்டம் இன்ஃபர்மேஷன்’ என்று தேடினால் மாடல் தெரியும். அப்புறம் தயாரிப்பாளரின் தளத்தில் அந்த மாடலுக்கான சர்வீஸ் மேனுவலை இறக்குங்கள். காசு கிடையாது.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. டெல் ஆப்டிபிளெக்ஸ், எச்பி எலைட்டெஸ்க், லெனோவா திங்க்சென்டர் மூன்றிலுமே ஒரே மாடல் எண் டவர் எனும் பெரிய பெட்டி, எஸ்எஃப்எஃப் எனும் சின்னப் பெட்டி, அதைவிடச் சின்ன மைக்ரோ அல்லது டைனி என்று பல உருவங்களில் வரும். யாரோ ஒருவர் அதே எண்ணில் பெரிய கார்டு போட்டு ஆடும் வீடியோவைப் பார்த்து ஏமாறாதீர்கள். அது டவராக இருக்கும், உங்களுடையது எஸ்எஃப்எஃப்பாக இருக்கும்.

உருவம் எதுவென்று தெரிந்தால் பாதி முடிவு தானாக வந்துவிடும்:

கெட்டி அட்டைப் புத்தகம் அளவுக்கு இருக்கும் மைக்ரோ, டைனி ரகங்களில் பெரும்பாலும் கார்டு செருக இடமே கிடையாது. லெனோவாவின் எம்720க்யூ, எம்920க்யூ போன்ற சிலவற்றில் ரைசர் எனும் இணைப்புத் துண்டு வாங்கிப் போட்டால் ஒரு சின்னக் கார்டு செருகலாம், அது விதிவிலக்கு. மற்ற மைக்ரோ, டைனிக்காரர்கள் நேரே 5, 6-ஆம் படிகளுக்குப் போய்விடுங்கள். எஸ்எஃப்எஃப் என்றால் லோ புரொஃபைல் எனப்படும் பாதி உயரக் கார்டுதான் நுழையும். நீங்களே மினி ஐடிஎக்ஸ் எனும் குட்டி மதர்போர்டு வாங்கி அசெம்பிள் செய்ததென்றால் கேபினட்டைப் பொறுத்து முழு உயரக் கார்டே போகலாம். உங்களுக்குச் சுதந்திரம் அதிகம், ஆனால் அந்த போர்டில் இருப்பது ஒரே ஸ்லாட்தான்.

2. மூடியைத் திறந்து அளந்து பாருங்கள்

மின்சார ஒயரைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனை ஒருமுறை அழுத்தி மிச்ச மின்சாரத்தை வெளியேற்றிவிட்டு, மூடியைத் திறந்துவிடுங்கள். மடக்கு அளவுகோல் போதும்.

உயரம்: பின்பக்கம் கார்டு வந்து உட்காரும் தகட்டைப் பாருங்கள். சுமார் 12 செ.மீ. என்றால் முழு உயரம், சுமார் 8 செ.மீ. என்றால் லோ புரொஃபைல்.

நீளம்: பின் தகட்டிலிருந்து முன்னால் முதலில் எது இடிக்கிறதோ அதுவரை அளக்க வேண்டும். பெட்டியின் முன் சுவர் வரை அளப்பது வீண், அதற்கு முன்பே ஹார்ட் டிஸ்க் கூண்டோ ஃபேனோ வந்துவிடும். ஸ்லாட்டுக்கு நேர்க்கோட்டில் மதர்போர்டில் சாட்டா கேபிள் (ஹார்ட் டிஸ்க்கை இணைப்பது) செருகியிருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். கேபிளின் தலை நிமிர்ந்து நின்றால் கார்டின் அடிப்பாகம் அதில் முட்டும். தலை மடங்கிய கேபிள் ஒன்று வாங்கினால் தீர்ந்துவிடும் விஷயம்தான், ஆனால் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

தடிமன்: ஒரு ஸ்லாட் என்பது சுமார் 2 செ.மீ. தற்போது கேம் ஆடத் தகுந்த லோ புரொஃபைல் கார்டுகளில் பெரும்பாலானவை இரண்டு ஸ்லாட் தடிமன். நீளமான ஸ்லாட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு ஸ்லாட் காலியாக இருந்தால் நல்லது. சில மாடல்களில் அந்த நீள ஸ்லாட்டை எஸ்எம்பிஎஸ் எனும் மின்சாரம் தரும் பெட்டியை ஒட்டியே வைத்திருப்பார்கள். கார்டின் ஃபேன் போய் அந்தத் தகரத்தில் மூக்கை உரசும், அல்லது உள்ளேயே போகாது. அப்படியிருந்தால் ஒற்றை ஸ்லாட் கார்டுகளை மட்டும் தேடுங்கள்.

ஒரே நீளத்தில் இரண்டு ஸ்லாட் இருந்தால் இரண்டும் ஒன்றென்று நினைக்காதீர்கள். ஒன்றில் 16 லேன் (டேட்டா போகும் வழி) இருக்கும், மற்றதில் உருவம் மட்டும் நீளம், உள்ளே 4 லேன்தான் இருக்கும். டார்ச் அடித்துப் பார்த்தால் தெரியும். முழு நீளத்துக்கும் பின்கள் இருப்பதுதான் கார்டுக்கான ஸ்லாட்.

3. வாட் கணக்கு

பிசிஐ எக்ஸ்பிரஸ் எனப்படும் அந்த நீள ஸ்லாட் ஒரு கிராஃபிக்ஸ் கார்டுக்கு அதிகபட்சம் 75 வாட் கொடுக்கும். அதற்குமேல் தின்னும் கார்டுக்கு எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து தனி ஒயர் வேண்டும். 6 பின் ஒயர் இன்னொரு 75 வாட் தரும், 8 பின் 150 வாட் தரும். ஆபீஸ் எஸ்எஃப்எஃப் பெட்டிகளில் இருக்கும் 180, 200, 240 வாட் எஸ்எம்பிஎஸ்களில் பொதுவாக இந்த ஒயர்கள் கிடையாது. வேறு எஸ்எம்பிஎஸ் மாற்றலாம் என்றால் அதன் வடிவமும் கனெக்டரும் அந்தந்தக் கம்பெனிக்கே உரியது, வெளியில் வாங்குவது பொருந்தாது. ஆகவே எஸ்எஃப்எஃப்காரர்களுக்கு 75 வாட்தான் கூரை. சில பழைய மாடல்களில் ஸ்லாட்டுக்கே அதைவிடக் குறைந்த வரம்பை மேனுவலில் எழுதியிருப்பார்கள். மேனுவலை இறக்கச் சொன்னதன் முக்கியக் காரணமே இந்த ஒரு வரிதான்.

இந்த இடத்தில் உங்கள் கண்ணில் கட்டாயம் ஒரு பொருள் படும்: சாட்டா ஒயரை 6 பின்னாக மாற்றித் தரும் அடாப்டர். விலை சொற்பம். வாங்காதீர்கள். சாட்டா பவர் கனெக்டரின் 12 வோல்ட் பின்கள் 54 வாட் வரைக்கும்தான் தாங்கும்படி வகுக்கப்பட்டவை. 75 வாட் இழுக்கக்கூடிய வாயை அதில் கொண்டுபோய் மாட்டினால் பிளாஸ்டிக் உருகும். ‘எனக்கு ஒன்றும் ஆகவில்லையே’ என்பவர்கள் இருப்பார்கள், அவர்கள் சொல்வதைக் கேட்டு நீங்கள் மாட்டவேண்டாம்.

மினி ஐடிஎக்ஸ் பெட்டியில் எஸ்எஃப்எக்ஸ் அளவு எஸ்எம்பிஎஸ் போட்டிருந்தால் இந்தத் தலைவலி இல்லை. கார்டு கேட்கும் வாட்டுக்கு ஏற்ற ஒயர் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

4. கார்டைத் தேர்ந்தெடுப்பது

ஒயர் தேவைப்படாத, பாதி உயரக் கார்டு வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். புதிதாக வாங்குவதென்றால் ஆர்டிஎக்ஸ் 3050-ன் 6 ஜிபி வடிவம்தான் என் முதல் சிபாரிசு. 70 வாட், தனி ஒயர் வேண்டாம். 2024-ல் வந்தது. லோ புரொஃபைலில் பல கம்பெனிகள் செய்கின்றன. ஆனால் இதே 3050 என்ற பெயரில் 8 ஜிபி கார்டும் உண்டு. அது 130 வாட், ஒயர் கேட்கும். பெயரில் ஜிபி எண் மட்டும்தான் வித்தியாசம், ஆகவே ஆர்டர் போடுமுன் இரண்டு தடவை படியுங்கள். இந்த லோ புரொஃபைல் கார்டுகள் இரண்டு ஸ்லாட் தடிமன், பல பிராண்டுகளில் நீளமும் 17 செ.மீ.யைத் தாண்டும். 2-ஆம் படியில் அளந்த அளவை எடுத்து ஒப்பிடுங்கள்.

பட்ஜெட் குறைவு, செகண்ட் ஹாண்ட் பரவாயில்லை என்றால் ஜிடிஎக்ஸ் 1650. 75 வாட், 4 ஜிபி. சில பிராண்டுகள் இதிலேயே 6 பின் வைத்து விற்றிருக்கின்றன, படத்தில் கார்டின் மேல் விளிம்பைப் பெரிதாக்கிப் பாருங்கள். பழைய போட்டி விளையாட்டுகளுக்கு இது போதும். சில புதிய கேம்கள் ரே டிரேசிங் (ஒளியை நிஜம்போலக் காட்டும் முறை) வசதியுள்ள கார்டு இல்லாவிட்டால் திறக்கவே திறக்காது, அவற்றை மறந்துவிட வேண்டியதுதான்.

ஆர்எக்ஸ் 6400 என்று ஒன்று வரும். 53 வாட், ஒற்றை ஸ்லாட் வடிவமும் உண்டு, சின்னப் பெட்டிக்கென்றே பிறந்தது போலத் தோன்றும். ஆனால் அதற்கு 4 லேன்கள்தான். பிசிஐ எக்ஸ்பிரஸ் 4.0 உள்ள போர்டில் அதில் நொடிக்கு 8 ஜிபி போகும், 3.0 போர்டில் 4 ஜிபிதான். கார்டின் 4 ஜிபி மெமரி நிரம்பும்போது இந்தக் குறுகிய வழியில்தான் எல்லாம் ஓடவேண்டும், அப்போது ஆட்டம் திக்கித் திக்கிப் போகும். இன்டெல் 10-ஆம் தலைமுறை வரை வந்த ஆபீஸ் பெட்டிகள் 3.0தான். ரைசன் 5600ஜி, 5700ஜி சிப் போட்டிருந்தாலும் 3.0தான், இது பலருக்குத் தெரியாது. இன்னொன்று, இந்தக் கார்டில் வீடியோ என்கோடர் கிடையாது. ஆடுவதை ரெக்கார்டு செய்து போடுபவர்கள் தவிர்த்துவிடலாம்.

இன்டெல் ஆர்க் ஏ380 காகிதத்தில் நன்றாக இருக்கும். ரீசைசபிள் பார் என்ற வசதி பயாஸில் (கம்ப்யூட்டர் கிளம்பும்போது ஓடும் அடிப்படை மென்பொருள்) இருந்தால்தான் அது ஒழுங்காக வேலை செய்யும். பழைய ஆபீஸ் போர்டுகளில் அது இருக்காது. மேலும் ஏ380 கார்டுகள் பலவற்றில் தனி ஒயர் வைத்திருக்கிறார்கள்.

வொர்க் ஸ்டேஷன் கார்டுகளைப் பலர் எட்டிப் பார்ப்பதே இல்லை. ஆர்டிஎக்ஸ் ஏ2000 கார்டு 70 வாட், லோ புரொஃபைல், 6 அல்லது 12 ஜிபி. கேமும் நன்றாகவே ஓடும். ஒற்றை ஸ்லாட்தான் இடம் என்றால் டி1000 (T1000) இருக்கிறது. 50 வாட், ஜிடிஎக்ஸ் 1650-க்கு நெருங்கிய உறவு. இந்த இரண்டிலும் மினி டிஸ்ப்ளேபோர்ட் வாய்கள்தான் இருக்கும், அடாப்டருக்கும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

மலிவு என்று ஜிடி 1030 வாங்க நினைப்பவர்களுக்கு: ஒரே பெயரில் இரண்டு கார்டு இருக்கிறது. ஜிடிடிஆர்5 மெமரி உள்ளது நொடிக்கு 48 ஜிபி வேகம், டிடிஆர்4 மெமரி உள்ளது 17 ஜிபிக்கும் கீழே. இரண்டாவதை வாங்குவதற்குச் சும்மா இருக்கலாம். அதோடு ஜிடி 1030, 1050 டிஐ போன்ற பாஸ்கல் தலைமுறைக் கார்டுகளுக்குப் புதிய கேம்களை ஒட்டி வரும் டிரைவரை (கார்டை இயக்கும் மென்பொருள்) 2025 அக்டோபரோடு என்விடியா நிறுத்திவிட்டது.

கார்டின் மெமரி எவ்வளவு வேண்டும்? 1080பி (1920×1080 புள்ளிகள்) திரையில் 4 ஜிபி என்பது டெக்ஸ்சரை (பரப்புகளின் படத் தெளிவை)க் குறைத்து வைத்து ஆடுவதற்கு. 6 ஜிபி ஓரளவு மூச்சுவிடும். 8 ஜிபி கிடைத்தால் நிம்மதி. கார்டின் மெமரியைப் பின்னால் கூட்டமுடியாது, ரேமைக் கூட்டலாம். பணம் இழுபறியாக இருந்தால் இதை நினைவில் வைத்து முடிவெடுங்கள்.

5. ரேம்: ஒன்று வேண்டாம், ஜோடி

டாஸ்க் மேனேஜரைத் திறந்து ‘பெர்ஃபார்மன்ஸ்’ பகுதியில் ‘மெமரி’யைச் சொடுக்குங்கள். எத்தனை ஸ்லாட்டில் எத்தனை நிரம்பியிருக்கிறது, என்ன வேகம், டிம்மா சோடிம்மா என்று எல்லாம் அங்கேயே எழுதியிருக்கும். டிம் என்பது நீளமான டெஸ்க்டாப் ரேம். சோடிம் என்பது லேப்டாப் ரேம், மைக்ரோ ரகப் பெட்டிகளில் அதுதான் போகும். டிடிஆர்3, டிடிஆர்4, டிடிஆர்5 ஒன்றுக்கொன்று பொருந்தாது. அடியில் உள்ள வெட்டு வேறு இடத்தில் இருக்கும், அமுக்கி ஏற்றப் பார்க்காதீர்கள்.

ஆபீஸ் பெட்டிகள் பெரும்பாலும் 8 ஜிபி ஒற்றை ரேமோடு வரும். கேமுக்கு 16 ஜிபி வேண்டும், அதுவும் 8-ம் 8-மாக. ரேம் ஒன்றே ஒன்று இருந்தால் பிராசஸர் ஒரு சேனலில்தான் பேசும், இரண்டு இருந்தால் இரண்டு சேனல். டிடிஆர்4-3200 ரேம் ஒன்று நொடிக்கு 25.6 ஜிபி கொடுக்கும், ஜோடி 51.2 ஜிபி. கார்டு போட்டவர்களுக்கு இதனால் சராசரி ஃப்ரேம் (நொடிக்கு வரும் படங்களின் எண்ணிக்கை) கொஞ்சம் கூடும், நடுநடுவே வரும் வெட்டல் நன்றாகக் குறையும். கார்டு இல்லாமல் ஆடுபவர்களுக்கோ இதுதான் உயிர்நாடி.

இருக்கும் 8 ஜிபியோடு இன்னொரு 8 ஜிபி சேர்த்தால் போதும். பிராண்டு ஒன்றாக இருந்தால் நல்லது, வேறாக இருந்தாலும் பெரும்பாலும் ஓடும். வேகம் வேறாக இருந்தால் இரண்டும் மெதுவானதன் வேகத்தில் ஓடும். நான்கு ஸ்லாட் இருந்தால் எந்த இரண்டில் போடவேண்டும் என்று மேனுவலில் படம் இருக்கும். பக்கத்துப் பக்கத்தில் செருகிவிட்டு ஜோடி சேர்ந்துவிட்டது என்று நம்புபவர்கள் ஏராளம்.

வேகமான ரேமுக்கு அதிகம் கொடுக்காதீர்கள். ஐ5-8500 போன்ற சிப் உள்ள ஆபீஸ் போர்டில் 3200 போட்டாலும் 2666-ல்தான் ஓடும். ரேமைக் கூடுதல் வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி என்ற அமைப்பு அந்த பயாஸில் இருக்காது. நீங்களே கட்டிய மினி ஐடிஎக்ஸில் இருக்கும். அங்கே அதை ‘ஆன்’ செய்ய மறந்தால் காசு கொடுத்த வேகம் கிடைக்காது.

பாதி விலையில் 16 ஜிபி ஒற்றை ரேம் என்று விளம்பரம் பார்த்தால் ‘ரெஜிஸ்டர்டு’ என்ற சொல் எங்காவது இருக்கிறதா என்று தேடுங்கள். அது சர்வரில் கழற்றியது. டிடிஆர்4-ல் அது உங்கள் ஸ்லாட்டில் கச்சிதமாக உட்காரும், ஆனால் கம்ப்யூட்டர் கிளம்பாது.

6. கார்டே இல்லாமல் ஆடலாமா?

ஆடலாம், சிப் எது என்பதைப் பொறுத்து. ரைசன் 5 5600ஜி உள்ள பெட்டியில் இலகுவான கேம்கள் நன்றாகவே ஓடும். 8600ஜி, 8700ஜி என்றால் பெரிய கேம்களையும் அமைப்புகளைக் குறைத்து 1080பியில் ஆடிப் பார்க்கலாம். பழைய இன்டெல் யுஎச்டி கிராஃபிக்ஸில் அதிகம் எதிர்பார்க்காதீர்கள்.

இந்தச் சிப்களுக்குத் தனி மெமரி கிடையாது, உங்கள் ரேமில்தான் பங்கு கேட்கும். ஜிடிஎக்ஸ் 1650-க்குத் தன் மெமரியோடு நொடிக்கு 128 ஜிபி வழி இருக்கிறது. 5600ஜிக்கோ டிடிஆர்4-3200 ஜோடி கொடுக்கும் 51 ஜிபிதான், அதையும் பிராசஸரோடு பகிர்ந்துகொள்ள வேண்டும். ஆகவே ஜோடி ரேம் கட்டாயம், 16 ஜிபிக்குக் கீழே வேண்டாம், பயாஸில் கிராஃபிக்ஸுக்கு 2 ஜிபி ஒதுக்கிப் பாருங்கள். சில மினி பிசிகளில் ரேமைப் போர்டிலேயே பற்றவைத்திருப்பார்கள், பின்னால் கூட்ட வழியில்லை. அப்படிப்பட்டதை வாங்குவதாக இருந்தால் ஆரம்பத்திலேயே 32 ஜிபி எடுத்துவிடுங்கள்.

7. செலவை எப்படிப் பிரிப்பது

விலை வாரத்துக்கு வாரம் மாறும் என்பதால் தொகை சொல்லிப் பயனில்லை, விகிதம் சொல்கிறேன். கையில் உள்ளதில் பெரும்பங்கு கார்டுக்கு. ரேமை 16 ஜிபியோடு நிறுத்துங்கள். 2025-ன் பிற்பகுதியில் ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரியை அள்ளிக்கொண்டு போகத் தொடங்கியதிலிருந்து ரேம் விலை கடுமையாக ஏறியது. இருப்பதை வைத்துக்கொண்டு ஜோடி சேர்ப்பது இப்போதைக்குப் புத்திசாலித்தனம். ஆபீஸ் பெட்டிகளில் கழற்றிய டிடிஆர்4 ரேம் செகண்ட் ஹாண்டில் கிடைக்கும். ரேம் அவ்வளவு எளிதில் பழுதாகும் பொருளில்லை, பயமில்லாமல் வாங்கலாம்.

கார்டின் விலை பெட்டியின் விலையைப் போல இரண்டு மடங்கைத் தாண்டினால் அங்கேயே நில்லுங்கள். ஸ்லாட்டிலும் எஸ்எம்பிஎஸ்ஸிலும் காசைக் கொட்டி நெளித்துப் பிடிப்பதைவிட, டவர் ஒன்றைத் தேடுவது மலிவு. பெட்டி இன்டெல் 2, 3-ஆம் தலைமுறை என்றாலும் கார்டு வாங்காதீர்கள். அந்தச் சிப்களில் ஏவிஎக்ஸ்2 என்ற கட்டளைத் தொகுப்பு கிடையாது, புதிய கேம்கள் சில அது இல்லாமல் தொடங்காது. சில ஆன்லைன் கேம்களோ விண்டோஸ் 11-ல் டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு வசதிகளைக் கேட்கும். நீங்கள் ஆட விரும்பும் கேமின் பக்கத்தில் இதையெல்லாம் பார்த்துவிட்டுப் பணத்தை எடுங்கள்.

8. வாங்கும்போது

பில்லில் கார்டின் சீரியல் நம்பர் இருக்கட்டும், வாரண்டி கேட்கும்போது முதலில் கேட்பது அதைத்தான். பெட்டிக்குள் லோ புரொஃபைல் தகடு இருக்கிறதா என்று கேட்டு உறுதிசெய்யுங்கள். பல கார்டுகள் முழு உயரத் தகடு மாட்டித்தான் வரும், குட்டித் தகடு தனியே பையில் கிடக்கும். செகண்ட் ஹாண்டில் விற்பவர்கள் அதைத் தொலைத்திருப்பார்கள். தகடு இல்லாமல் கார்டு ஸ்லாட்டில் ஆடிக்கொண்டே இருக்கும்.

செகண்ட் ஹாண்ட் கார்டை ஓடவிட்டுப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளைத் திறக்கச் சொல்லுங்கள். பழைய கார்டில் பயாஸை மாற்றி 1050 டிஐ என்று பெயர் காட்டும் போலிகள் உண்டு, அந்த மென்பொருள் அவற்றை ‘ஃபேக்’ என்று காட்டிக்கொடுத்துவிடும்.

ஆன்லைனில் வாங்கினால் திருப்பித் தரும் கெடு எத்தனை நாள் என்று பாருங்கள். ரேமும் கார்டும் வெவ்வேறு நாளில் வந்தால், முதலில் வந்ததை அன்றே மாட்டிச் சோதியுங்கள். இரண்டும் வரட்டும் என்று காத்திருந்தால் ஒன்றின் கெடு முடிந்திருக்கும்.

9. பொருத்தும் நாள்

கார்டு மாட்டுமுன் பழைய திரையிலேயே பயாஸை அப்டேட் செய்துவிடுங்கள். அப்புறம் ரேம். மாட்டியபின் மெம்டெஸ்ட்86 என்ற ரேம் சோதனை மென்பொருளை இரவில் ஓடவிடுங்கள், காலையில் ஒரு பிழைகூட இருக்கக்கூடாது. டிடிஆர்5 போர்டாக இருந்தால் புது ரேமோடு முதல் தடவை கிளம்பும்போது சில நிமிடங்கள் திரை கறுப்பாகவே இருக்கும். ரேமை அது பழக்கப்படுத்திக்கொள்கிறது. பதறிப்போய் ஒயரைப் பிடுங்காதீர்கள்.

அடுத்து கார்டு. ஸ்லாட்டின் முனையில் உள்ள கொக்கி ‘கிளிக்’ என்று பிடிக்கும்வரை சமமாக அழுத்தி, தகட்டுக்கு ஸ்க்ரூ போடுங்கள். மானிட்டர் கேபிளைக் கார்டின் வாயில் மாட்ட வேண்டும். மதர்போர்டின் வாயிலேயே விட்டுவிட்டு ‘கார்டு போட்டும் வேகம் இல்லையே’ என்பது மிகச் சாதாரணமாக நடப்பது. மானிட்டரில் விஜிஏ மட்டும்தான் இருக்கிறதென்றால் எச்டிஎம்ஐயிலிருந்து மாற்றித் தரும் அடாப்டர் வேண்டும், இப்போதைய கார்டுகளில் விஜிஏ கிடையாது. டிரைவரைச் சிப் கம்பெனியின் தளத்திலிருந்தே இறக்குங்கள். முன்பு வேறு கம்பெனிக் கார்டு இருந்திருந்தால் பழைய டிரைவரை டிடியு என்ற மென்பொருள் கொண்டு துடைத்துவிட்டுப் போடுங்கள்.

முதல் அரை மணி நேரம் மூடியைப் போட்டு ஆடிவிட்டு வெப்பத்தைப் பாருங்கள். மூடி திறந்திருக்கும்போது எடுத்த அளவு கணக்கில் சேராது. கார்டு 80 டிகிரிக்குப் பக்கத்தில் நின்றால் கவலையில்லை. அதைத் தாண்டி ஏறிக்கொண்டே போய் ஃப்ரேம் விழுந்தால், கேமில் ஃப்ரேம் வரம்பை 60-ல் வையுங்கள், பெட்டியின் காற்றுத் துளைகள் சுவரை ஒட்டாமல் நகர்த்துங்கள். அப்படியும் குறையவில்லை என்றால் திருப்பித் தரும் கெடு முடிவதற்குள் வேறு ஃபேன் அமைப்புள்ள கார்டுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். பழைய ரேமையும் கார்டின் அட்டைப்பெட்டியையும் அதுவரை தூக்கிப் போடவேண்டாம்.